முக்காலி இருந்தால் நிரந்தரம்

மார்ச் 3, திங்கள்

பல நாள் யோசித்து, இரு தரப்பு நியாயங்களையும் நடுநிலையோடு எடைபோட்டு, இன்று காலை பல் துலக்கும்போது ஒரு முடிவுக்கு வந்தேன்: இந்த மாதம் பஸ் பாஸ் புதுப்பிப்பதில்லை. இனி அலுவலகத்துக்கு நடைதான். பிற்காலத்தில் யாராவது என் வாழ்க்கை வரலாற்றை எழுத நேர்ந்தால், வேறு வேலை இல்லாத அந்த மனிதர் இந்தத் தேதியைக் குறித்துக்கொள்ளட்டும்.

காரணமும் பதிவாகட்டும். எட்டு ஆண்டுகளாக நான் மாதம் தவறாமல் பாஸ் எடுத்தது நேர்மையால் அல்ல, அண்ணனால். அண்ணன் பஸ் டிக்கெட் பரிசோதகர். என் தடம்தான் அவர் தடம். ஒருமுறை அண்ணியையே பாதி வழியில் இறக்கிவிட்டவர், தங்கை எம்மாத்திரம்? அந்த அண்ணன் ஜனவரியிலிருந்து வேலைக்குப் போகவில்லை. இடது முழங்காலுக்குக் கீழே அவருக்குச் செயற்கைக் கால். பழைய கால் விரிசல் விட்டு, உடைந்து, குப்பைக்குப் போயிற்று. புதுக் கால் மாட்டியதிலிருந்து நிற்க முடியவில்லை. பரிசோதகர் வராத பஸ்ஸில் பாஸை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது, ஆசிரியர் வராத வகுப்பில் வீட்டுப்பாடத்தை நீட்டிக்கொண்டு நிற்பது போலிருந்தது. பாஸ் இல்லாமல் ஏறும் துணிச்சலும் எனக்கு இல்லை. ஆகவே நடை.

அலுவலகத்தில் இதைவிடச் சிறிய செய்தி ஒன்று: எங்கள் காப்பகத்துக்குப் புது எஞ்சின் வருகிறது. எங்களுடையது செயற்கைக் கை, கால் செய்யும் மையம். இங்கே உருவாகும் மடல், படம், அளவு எல்லாவற்றிலும் எதை எத்தனை வருடம் வைப்பது, எதை எப்போது அழிப்பது என்பதை முடிவு செய்யும் மென்பொருளுக்கு இங்கே எஞ்சின் என்று பெயர். அதற்கு விதிகளை எழுதித் தருவது காப்பகப் பிரிவு. பிரிவு என்றால் நானும் ஒரு காலி நாற்காலியும்.

மார்ச் 5, புதன்

மென்பொருள் நிறுவனத்திலிருந்து ஆலோசகர் வந்தார். முப்பது வயதிருக்கும், சுறுசுறுப்பான பெண். வந்த பத்தாவது நிமிடத்தில் காலி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அதில் ஒருவர் உட்கார்ந்து பார்த்து நாளாகிறது.

அவருக்குப் பழைய எஞ்சினை விளக்கினேன். அது எளிமையான ஜீவன். ஒரு ஃபைல் வந்தால் விதிகளை மேலிருந்து கீழே படிக்கும். எது முதலில் பொருந்துகிறதோ அதோடு நிறுத்திக்கொண்டு ஓய்வெடுக்கும். இந்த ரகசியம் வெளியே தெரிந்த நாளிலிருந்து, "என் விதியைக் கொஞ்சம் மேல போடுங்களேன்" என்று கேட்டு வராதவர் மையத்தில் இல்லை. எனவே முதல் விதி, முன்னாள் இயக்குநர் ரோஜாப் பதியன் பற்றி எழுதிய மடல்கள்: நிரந்தரம். மூன்றாவது விதி, 'கேக்' என்ற சொல் இருந்தால் பரம ரகசியம். யாருக்கோ சொல்லாமல் கொள்ளாமல் பிறந்தநாள் கொண்டாடத் திட்டமிட்டபோது போட்டது. கொண்டாட்டம் முடிந்தது, கேக் தீர்ந்தது, விதி நிற்கிறது. நோயாளிகளின் கால் அளவுகள் பற்றிய விதிகள் இருநூறுக்கும் கீழே எங்கோ வரிசையில் நிற்கின்றன. அவற்றுக்குச் சிபாரிசு இல்லை.

"பழசுல முன்னூத்திப் பதினெட்டு விதி இருக்கு, மேடம். புது எஞ்சின் நூறுதான் எடுத்துக்கும்" என்றார்.

"நூத்தி ஒண்ணு கொடுத்தா?"

"எடுத்துக்காது. அது ஒரு வசதி."

"ரெண்டு விதி முரண்பட்டா?"

"மேல கீழங்கற வரிசையே இதுல கிடையாது. 'அழி'ன்னு சொல்ற விதிதான் ஜெயிக்கும். சண்டையே வராது. அதுவும் வசதி."

"எந்த விதியிலயும் சேராத ஃபைல்?"

"மாத்துற அன்னிக்கே தானா அழிஞ்சிடும்." முகம் மலர்ந்தது. "இருக்கறதுலயே அதான் மேடம் பெரிய வசதி!"

இன்று முதல் இவர் இந்த நாட்குறிப்பில் 'வசதி' என்று அழைக்கப்படுவார்.

மார்ச் 9, ஞாயிறு

அண்ணன் வீடு. ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு எதிரே பஸ் நிறுத்தத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். புதுக் கால் கதவுக்குப் பின்னால், குடைக்குப் பக்கத்தில் சாத்தியிருந்தது.

"பாரு, பாரு. நீலச் சட்டை. பின்பக்கமா இறங்கறான். கையில டிக்கெட் இல்ல."

"இங்கேருந்து எப்படித் தெரியும்?"

"நடையில தெரியும்."

அண்ணி உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்: "காலையிலேருந்து பதினேழு பேரைப் பிடிச்சிட்டார் உங்க அண்ணன். ஜன்னல் கம்பிக்குத்தான் அபராதம் போடணும்."

கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்கு" என்றார். எந்தக் காலைக் கேட்டாலும் இதுதான் பதில். பதினோரு வருடத்துக்கு முன் பணிமனையில் பின்னுக்கு வந்த பஸ் காலில் ஏறியபோதும், ஆஸ்பத்திரிக் கட்டிலில் என்னைப் பார்த்து இதைத்தான் சொன்னார்.

போக்குவரத்து அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. மே கடைசியில் மருத்துவக் குழு முன் நிற்க வேண்டும். நின்றால் பஸ். நிற்க முடியாவிட்டால் 'தவறவிட்ட பொருள்கள்' பிரிவில் மேசை வேலை.

"மேசை வேலைன்னா நிம்மதிதானே" என்றேன், சும்மா.

அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. "நீ வேணா போய் உக்காரு. உனக்குத்தான் அது பழக்கம்."

மார்ச் 10, திங்கள்

பழைய எஞ்சினுக்குப் பூட்டுப் போட்டாயிற்று. மாற்றம் முடியும்வரை உள்ளே எதுவும் போகாது, வெளியே எதுவும் வராது. வசதி பூட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் மௌனமாக இருந்தார். மரியாதைக்கா, திரை மெதுவாக இருந்ததாலா, தெரியவில்லை.

மார்ச் 12, புதன்

கால்காரர் என் அறைக்கு வந்தார். கால் செய்கிறவர், மையத்தில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறோம், அவரும் திரும்பிப் பார்க்கிறார்.

"உங்க அண்ணன் காலைப் பார்த்தேம்மா. புது மெஷின் எடுத்த அளவுல தப்பில்ல. ஆனா அது அவர் கால் இல்ல."

"புரியல."

"மெஷின் என்ன கேக்குது? வலி எவ்வளவு, ஒண்ணுலேருந்து பத்துக்குள்ள சொல்லுன்னு கேக்குது. உங்க அண்ணன் என்ன சொல்லியிருப்பாருங்கறீங்க?"

"ஒண்ணு."

"பூஜ்யம்! ஒண்ணுலேருந்துன்னு சொல்லியும் பூஜ்யம்."

பழைய காலை அவர் கையாலேயே மூன்று வாரம் திருத்தினாராம். திருத்தி முடித்தபின் எடுத்த ஸ்கேன் காப்பகத்தில் இருக்கிறதாம். அது கிடைத்தால் ஒரு மாதத்தில் கால் தயார். கிடைக்காவிட்டால் முதலிலிருந்து, வருடக் கடைசி ஆகலாம். மருத்துவக் குழு மே கடைசியில்.

ரெண்டு நாள். ரெண்டே ரெண்டு நாள் முன்னாடி வந்து கேட்டிருக்கக் கூடாதா இந்த மனுஷன்? அவரைச் சொல்லி என்ன, நானாவது ஒரு வார்த்தை போய்க் கேட்டிருக்கலாமே. ஒரே தாழ்வாரம்தானே. நடுவுல ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு நோட்டீஸ் பலகை. பூட்டினப்போ பக்கத்துல நின்னு பார்த்தது நான்தானே!

சரி. நிதானம்.

பூட்டு திறந்தபின் எடுத்துக்கொள்ளலாமே என்று யாரும் நினைக்க வேண்டாம். கால்காரர் தன் ஃபைல்களுக்கு நோயாளி எண் போடுவதில்லை. எண் அவருக்கு மனதில் நிற்காது, ஆள்தான் நிற்பார். ஆகவே பட்டப்பெயர். 'மாடிப்படி அம்மா, வலது.' 'கோபக்காரர், இரண்டும்.' நான் பார்த்துப் பார்த்து அறுபத்து மூன்று பட்டப்பெயர்களுக்குத் தனித்தனி விதி போட்டிருக்கிறேன். எனக்கு முந்திய காலத்துப் பெயர்களுக்கு விதியே இல்லை. பழைய எஞ்சினில் அதனால் ஆபத்தும் இல்லை. அதன் முன்னூற்றுப் பதினேழாவது விதி, 'எதுவும் பொருந்தாவிட்டால் வைத்திரு' என்பது. புதியதில் அப்படி ஒரு விதிக்கு இடமே கிடையாது. அடையாளம் தெரியாதவர் எல்லோரும் முதல் நாளே காலி. அண்ணன் உட்பட.

"அண்ணனுக்கு என்ன பேர் வச்சீங்க?"

கால்காரர் கூரையைப் பார்த்தார். "ஞாபகம் வரலம்மா." கொஞ்சம் சீக்கிரமாகவே சொல்லிவிட்டாரோ என்று எனக்குச் சந்தேகம்.

மார்ச் 13, வியாழன்

இயக்குநரிடம் போனேன். ஒரே ஒரு ஃபைலுக்காகப் பூட்டைத் திறக்க முடியுமா?

"ஒருத்தருக்குத் திறந்தா எல்லாருக்கும் திறக்கணும்."

"வேற யாரும் கேக்கலையே சார்."

"கேக்கலைங்கறதுக்காகத் திறக்கவும் முடியாது."

இந்த வாக்கியத்துக்கு 'நிரந்தரம்' என்று ஒரு விதி போட வேண்டும்.

மார்ச் 14, வெள்ளி

ஒன்றும் நடக்கவில்லை. அது ஏன் நடக்கவில்லை என்று மூன்று கூட்டம் நடந்தது.

மார்ச் 18, செவ்வாய்

விதிக் கழிவு ஆரம்பம். நானும் வசதியும் எதிரெதிரே உட்கார்ந்து முன்னூற்றுப் பதினெட்டை நூறாக இளைக்க வைக்கிறோம். ரோஜாப் பதியன் போயிற்று. 2011இல் தொலைந்துபோன குடையைப் பற்றிய மடல்களுக்கு ஒரு விதி இருந்தது, போயிற்று. வசதி வேலையில் கெட்டி. என்னைவிட வேகம். அதுதான் சிக்கல். மதியம் திரும்பி வந்து பார்த்தால் 'கோபக்காரர்', 'முணுமுணுப்பு', 'நாலு தடவை வருபவர்' மூன்றையும் 'ஊழியர் குறைகள்' என்ற தலைப்பில் சேர்த்து வைத்திருக்கிறார்.

"அது கால், அம்மா."

"எது மேடம்?"

"கோபக்காரர். ரெண்டு கால்."

அவர் என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். கால்காரரைக் கூட்டிவந்து காட்டினேன். விஷயம் புரிந்ததும், "அறுபத்து மூணு விதி வெறும் பட்டப்பேருக்கா?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். "நூறுல அறுபத்து மூணு இதுக்கே போயிட்டா மீதிக்கு எங்க மேடம் போறது?"

"பேரே தெரியாதவங்களை என்ன செய்யறது?" என்றேன். அண்ணன் கதையைச் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டியதில்லை. சொல்லிவிட்டேன்.

அதன்பின் அவர் சாயங்காலம்வரை 'வசதி' என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை.

மார்ச் 20, வியாழன்

கால்காரரைத் தேநீர் நேரத்தில் மடக்கினேன். "நெட்டையா? மௌனமா? விசிலா? பஸ் சம்பந்தமா ஏதாவது?"

"இல்லம்மா."

"கடுகடுப்பா?"

"அவரா! பச்சைப் புள்ள மாதிரி இருப்பார்."

அண்ணனை இப்படி வர்ணித்து நான் கேட்பது இதுவே முதல்முறை. வேறு யாரையோ சொல்கிறார் என்று நினைக்கிறேன். அப்படியானால் ஃபைல் கிடைத்தாலும் வேறு ஆளின் காலாகத்தான் இருக்கும்.

மார்ச் 23, ஞாயிறு

அண்ணன், யாரிடமும் சொல்லாமல், ஊன்றுகோலோடு போய்த் தவறவிட்ட பொருள்கள் பிரிவைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். சிறைக்குப் போகுமுன் அறையைப் பார்த்து வருகிறவர் மாதிரி.

"ஜன்னல் இருக்கா?" என்று அண்ணி கேட்டார்.

"இருக்கு. சுவரைப் பார்த்து."

ஊன்றுகோலைச் சுவரில் சாத்தினார். பிறகு அவரே சொன்னார்: "ஆயிரம் குடை இருக்கு. பல்செட்டு இருக்கு. ஒரு கால்கூட இருக்கு, யாரோ பஸ்ல விட்டுட்டுப் போனது. காலை எப்படி மறந்துட்டுப் போவாங்க?"

"வலிச்சா மறந்துடுவாங்க" என்றேன்.

அண்ணன் கதவுப் பக்கம் பார்த்தார். குடை, கால். "நல்லாத்தான் இருக்கு" என்றார், யாரும் கேட்காமலே.

மார்ச் 26, புதன்

வசதி இன்று என் அறைக்குள் ஓடிவந்தார். இந்த அறைக்குள் யாரும் ஓடிவந்து நான் பார்த்ததில்லை.

"மேடம், பேரை விடுங்க. பேரே வேணாம். இந்த எஞ்சின் ஃபைலுக்கு உள்ள பார்க்கும். கால் ஸ்கேன் எப்படி இருக்கும்னு கொஞ்சம் மாதிரி காட்டினா, தானா கத்துக்கிட்டு மத்ததைக் கண்டுபிடிக்கும். ஒரே விதி. 'கால் மாதிரி இருந்தா நிரந்தரம்'. அறுபத்து மூணும் மிச்சம், பேர் தெரியாதவங்களும் பத்திரம்."

"இதை ஏன் முதல்லயே சொல்லல?"

"விலைப்பட்டியல்ல தனிப் பக்கத்துல இருந்தது. யாரும் அதுவரைக்கும் படிக்கறதில்ல. நானும்தான்."

மாதிரிக்குக் காப்பகம் பூட்டியிருக்கிறது. ஆனால் கால்காரரின் கணினியில் பூட்டுக்குப் பின் எடுத்த ஸ்கேன்கள் வெளியே போக வழியின்றி நிற்கின்றன. அவற்றைக் கொடுத்தோம். எஞ்சின் மென்றுகொண்டிருக்கிறது.

எனக்கு அநாவசியமாக நம்பிக்கை வருகிறது. கவனமாக இருக்க வேண்டும்.

மார்ச் 28, வெள்ளி

கற்றுக்கொண்டது! கை ஸ்கேன் காட்டினால் 'இல்லை' என்கிறது. கால் ஸ்கேன் காட்டினால் 'ஆம்'. கட்டிடத்தின் படம், 'இல்லை'. இயக்குநர், 'இல்லை'. வசதி மேசையைத் தட்டினார். நான் தேநீர் சொன்னேன்.

பிறகு ஒரு விபரீதம். கால்காரர் காலே இல்லாத ஒரு ஸ்கேனைத் தவறுதலாகக் கொடுத்துவிட்டார். வெறும் முக்காலி. எஞ்சின் தயங்கவே இல்லை: 'முழங்காலுக்குக் கீழ், நிரந்தரம்.'

வசதி என் மேசையிலிருந்த கோப்பையை எடுத்தார். முக்காலியின் மேல் தேநீர்க் கோப்பையை வைத்து ஸ்கேன் எடுத்தோம்: 'முழங்காலுக்குக் கீழ், இடது.' முக்காலியை அகற்றிவிட்டு ஒரு நல்ல காலைத் தரையில் வைத்து எடுத்தோம்: 'வகையற்றது.'

கால்காரர் அச்சு வார்த்த காலை எப்போதும் அந்த மர முக்காலியின் மேல் வைத்துத்தான் ஸ்கேன் எடுப்பார். விளிம்பில் ஒரு வெட்டு உள்ள முக்காலி. எஞ்சின் காலைப் பார்க்கவே இல்லை. முக்காலியைத்தான் கற்றிருக்கிறது.

"மேடம்," என்றார் வசதி, "இது வசதி இல்ல. குறை."

நான் கால்காரரைப் பார்த்தேன். "இந்த முக்காலி எத்தனை வருஷமா இங்க இருக்கு?"

"நான் வேலைக்கு வந்தப்பவே இருந்துது. இதை விட்டா எனக்கு உயரம் சரியா வராது."

"வேற எதை வச்சாவது எப்பவாவது ஸ்கேன் எடுத்திருக்கீங்களா?"

"எதுக்கும்மா?"

"கையை இதுல வைப்பாங்களா?"

"கைக்காரங்களுக்கு மேசை. முக்காலியைத் தொட விடமாட்டேன்."

வசதி என் முகத்தைப் பார்த்து, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று புரிந்துகொண்டு, வேண்டாம் என்று தலையசைத்தார்.

"இது குறை இல்லம்மா," என்றேன். "வசதி."

அவர் முதலில் சிரிக்கவில்லை. அப்புறம் அடக்க முடியவில்லை.

ஏப்ரல் 2, புதன்

இன்னும் ஒரு முள். முன்னூற்றுப் பதினெட்டாவது விதி.

அது இன்றைய இயக்குநர் தன் கையால் எழுதியது. ஒரு வருடம் கணினியின் வட்டு நிரம்பியபோது போட்டது: 'பெரிய ஃபைல் எதுவானாலும் இரண்டு ஆண்டில் அழி.' கடைசிச் சொல் தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று கடைசியில் வைக்கச் சொன்னார். வைத்தோம். அதற்கு முந்தியது 'எதுவும் பொருந்தாவிட்டால் வைத்திரு'. எஞ்சின் அங்கேயே நின்று ஓய்வெடுத்துவிடும். ஆகவே இயக்குநரின் விதி பிறந்த நாளிலிருந்து ஒரு ஃபைலைக்கூடத் தொட்டதில்லை. புது எஞ்சினில் வரிசை கிடையாது, 'அழி' ஜெயிக்கும். அந்த விதி முதல்முறையாக உயிர் பெறும். கால் ஸ்கேன்கள் எல்லாமே பெரிய ஃபைல்கள். முக்காலி சொல்வதைக் கேட்க ஆளிருக்காது.

எடுத்துவிடலாம் என்றால் அவர் கையெழுத்து வேண்டும்.

"அந்த விதி இந்த மையத்தைக் காப்பாத்தியிருக்கு" என்றார்.

"ஆமா சார். ஒரு நாளும் யாருக்கும் தொந்தரவு கொடுத்ததில்ல."

"அப்புறம் ஏன் எடுக்கணும்?"

"எடுக்க வேணாம் சார். இதுவரைக்கும் எப்படி வேலை செஞ்சுதோ, இனிமேலும் அப்படியே செய்யற மாதிரி ஒரு சின்னத் திருத்தம். 'பெரிய'ங்கறதோட அளவைக் கொஞ்சம் கூட்டணும்."

"எவ்வளவு கூட்டணும்?"

வசதி சொன்னார். இந்தக் கட்டிடத்தில் உள்ள எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி ஒரே ஃபைலாக்கினால்கூட அந்த அளவு வராது.

இயக்குநர் தாளை நெடுநேரம் பார்த்தார். படித்துவிடப்போகிறாரோ என்று பேனாவைத் திறந்து அவர் பக்கம் நீட்டினேன்.

"விதி பேர் அப்படியே இருக்கும்ல?"

"முதல் இடத்துல இருக்கும் சார்."

கையெழுத்திட்டார்.

ஏப்ரல் 9, புதன்

தொண்ணூற்றொன்பது விதிகள். நூறாவது இடம் காலியாக இருந்தது. வசதி என்னைப் பார்த்தார்; நான் அவரைப் பார்த்தேன். கேக்கைப் போட்டோம்.

ஏப்ரல் 12, சனி

மாற்றும் நாள். காலையில் ஆரம்பித்தது. திரையில் ஒரு பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே 'அழிக்கப்பட்டவை' என்று ஓர் எண் ஏறிக்கொண்டே போனது. எது போகிறது என்று சொல்லாது. எத்தனை என்று மட்டும் சொல்லும். நல்ல மனசு.

வசதி நகம் கடித்தார். கால்காரர் லீவு நாளிலும் வந்திருந்தார். முக்காலியையும் கூடவே எடுத்து வந்து அதன் மேல் உட்கார்ந்திருந்தார். எதற்கு என்று கேட்டதற்கு, "அதுவும் பார்க்கட்டுமே" என்றார்.

மதியம் முடிந்தது. தேடும் வசதி திங்கட்கிழமைதான் திறக்கும். (நான் எழுதியதைப் படித்துப் பார்க்கிறேன். நானும் அந்தச் சொல்லைப் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டேன்.)

வீடு வரைக்கும் நடக்கும்போது கால் தானாக வேகம் பிடித்தது. நடையின் பயன் என்று எல்லோரும் சொல்வது இதைத்தானா?

ஏப்ரல் 14, திங்கள்

இருக்கிறது.

முக்காலி எல்லோரையும் காப்பாற்றியிருக்கிறது. கோபக்காரர், மாடிப்படி அம்மா, எனக்கு முந்திய காலத்து ஆட்கள், பெயர் கேட்டே இராதவர்கள். கூடவே ஓர் ஆண்டு விழாவில் இயக்குநர் அதே முக்காலியில் உட்கார்ந்து மாலையோடு எடுத்துக்கொண்ட படமும் 'முழங்காலுக்குக் கீழ், வலது' என்ற வகையில் நிரந்தரமாகியிருக்கிறது. அதைத் திருத்த நூற்றோராவது விதி வேண்டும். இடமில்லை.

அண்ணன் விபத்துக்குப் பிந்திய மாதங்களை மட்டும் பிரித்து ஒவ்வொன்றாகத் திறந்தோம். ஒரு ஃபைலில் கால்காரரின் கை நின்றது.

"இதாம்மா."

திரையை என் பக்கம் திருப்பவில்லை. நான் எழுந்து போய்ப் பார்த்தேன்.

'தங்கச்சிக்குப் பயந்தவர், இடது.'

கால்காரர் காதைச் சொறிந்தார். "ஞாபகம் இருந்துதும்மா. ஆரம்பத்துலேருந்தே இருந்துது. உங்ககிட்ட எப்படிச் சொல்றது? கடைசியில சொல்லிடலாம்னு இருந்தேன், முக்காலி பார்த்துக்கும்னு ஆனதும் விட்டுட்டேன். அந்தக் கால் செஞ்சப்போ அவர் வாயத் திறந்து ஒரு குறையும் சொல்லமாட்டார். ஏன் சார்னு கேட்டா, 'வலிக்குதுன்னு தங்கச்சி காதுல விழுந்தா உங்களையும் ஆஸ்பத்திரியையும் ரெண்டுல ஒண்ணு பார்த்துடுவா, பாவம் நீங்க'ம்பார். அதனால நான் கேக்கறதையே விட்டுட்டேன். நடக்கச் சொல்லி மூஞ்சியப் பார்த்துப் பார்த்துத்தான் திருத்தினேன்."

வசதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எங்கள் அறையில் ஜன்னல் கிடையாது.

ஏப்ரல் 15, செவ்வாய்

அண்ணனுக்குப் போன் செய்தேன். "உன் பழைய அளவு கிடைச்சிடுச்சு. கால்காரர் வரச் சொன்னார்."

"இப்ப இருக்கறதே நல்லா..."

"அண்ணா."

மறுமுனையில் ஜன்னலைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"வலிக்குது," என்றார். "எலும்பு முனையில. உள்பக்கமா. நின்னா கத்தி சொருகற மாதிரி."

"சரி."

"யார்கூடயும் சண்டைக்குப் போகாத."

"போகல."

இதை எழுதும்போது மூக்கு ஒழுகுகிறது. நடந்து வந்ததில் காற்றுப் பட்டிருக்கும்.

மே 8, வியாழன்

கால் மாட்டிப் பார்த்த நாள். என்னை உள்ளே விடவில்லை. "நீங்க இருந்தா அவர் மூஞ்சிய மாத்திப்பார்" என்று கால்காரர் கதவைச் சாத்திவிட்டார். தாழ்வாரத்தில், நோட்டீஸ் பலகைக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவே நின்றேன். உள்ளே அண்ணன் நடக்கிற சத்தம். நின்றது. கால்காரரின் உளி. மறுபடி நடை. நோட்டீஸ் பலகையில் இருந்ததை எல்லாம் படித்து முடித்தேன். இயக்குநரின் புதுச் சுற்றறிக்கை ஒன்று: முக்காலியை மாற்றவோ, வண்ணம் பூசவோ, இடம் மாற்றவோ காப்பகப் பிரிவின் முன் அனுமதி பெற வேண்டும்.

மே 16, வெள்ளி

வசதிக்கு இங்கே கடைசி நாள். அடுத்த நிறுவனத்துக்குப் போகிறார். கேக் வாங்கிவந்து வெட்டினோம். அதைப் பற்றிய மடல் பரம ரகசியமாகிவிட்டது. வரவேண்டிய பாதிப் பேருக்குப் போய்ச் சேரவில்லை. மிச்சத்தைக் கால்காரர் வீட்டுக்கு எடுத்துப் போனார்.

"எனக்கு இங்க ஏதாவது பட்டப்பேர் இருக்கா மேடம்?" என்று போகும்போது கேட்டார்.

இல்லை என்றேன்.

மே 30, வெள்ளி

அண்ணனுக்கு இன்று மருத்துவக் குழு. அவர் போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை. இரண்டு பேரும் ஒரே குடும்பம்.

ஜூன் 11, புதன்

முக்காலியின் ஒரு கால் ஆடத் தொடங்கியதால், முன் அனுமதியை எனக்கு நானே எழுதிக் கொடுத்து, தச்சரிடம் தூக்கிப் போனேன். ஆப்பு அடித்துக் கொடுத்தார். வெட்டுப்பட்ட விளிம்பை இழைத்துச் சீராக்கித் தருவதாகச் சொன்னார். கத்தாத குறையாக வேண்டாம் என்றேன்.

திரும்பும்போது மழை. முக்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடக்க முடியாது. பஸ் வந்தது. பழக்க தோஷம், பின்கதவு வழியாக ஏறிவிட்டேன். கைப்பையில் பாஸ் இருக்கிறது என்று கை நம்பியது; எட்டு வருட நம்பிக்கை. முக்காலியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

அடுத்த நிறுத்தத்தில் முன்கதவு வழியாகப் பரிசோதகர் ஏறினார். பஸ் கிளம்பிவிட்டது. திருப்பத்தில் எல்லோரும் ஒரு பக்கம் சாய்ந்தார்கள். அவர் ஒவ்வோர் இருக்கையாக நின்று, குனிந்து பார்த்து, நிமிர்ந்து, அடுத்ததற்கு நடந்து வந்தார்.

"டிக்கெட்."

கைப்பையில் தேடினேன். மார்ச் மூன்றாம் தேதி அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"இல்ல."

"பேரு?"

சொன்னேன். அண்ணியையே பாதி வழியில் இறக்கிவிட்டவர் எழுதிக்கொண்டார். ஒரு கையில் அட்டை, மறு கையில் பேனா. கம்பியைப் பிடிக்கவில்லை.

"அது என்ன?"

"முக்காலி. அலுவலகத்துது."

"அதுக்கு லக்கேஜ் டிக்கெட் எடுக்கணும் தெரியாதா?"

"தெரியும்."

இரண்டு சீட்டு கிழித்தார். எனக்கு ஒன்று, முக்காலிக்கு ஒன்று. இரண்டு அபராதத்தையும் கட்டினேன்.